கைகள் கற்பித்த பாடம்

காய்ச்சலோடு படுத்த குழந்தை, மறுநாள் காலையில் எழுந்து நிற்க முடியாமல் போகலாம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உலகெங்கும் பெற்றோர்கள் அஞ்சி நடுங்கிய நோய் அது. அதன் பெயர் இளம்பிள்ளை வாதம். போலியோ என்றும் அதனை அழைப்பர். ஒரு நுண்கிருமி முதுகுத்தண்டில் உள்ள நரம்பணுக்களைத் தாக்குவதால் தசைகள் செயலிழக்கின்றன. அக்காலத்தில் இந்நோய்க்குத் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை.

மருத்துவர்கள் தங்களால் இயன்றதைச் செய்தனர். நலமாக உள்ள தசை, வலுவிழந்த தசையை இழுத்துக் கைகால்களைக் கோணலாக்கிவிடும் என்று அவர்கள் கருதினர். அதனால், குழந்தையின் கைகால்களை மாவுக்கட்டிலோ மரச்சட்டத்திலோ அசையாமல் கட்டி வைத்தனர். வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில், குழந்தைகள் அப்படியே கிடந்தனர். கட்டைப் பிரித்தபோது பலரின் தசைகள் மெலிந்தும் மூட்டுகள் இறுகியும் போயிருந்தன.

அசையாமல் வைப்பதைவிட அசையக் கற்றுக்கொடுப்பதே நல்லது என்று வாதிட்டவர் எலிசபெத் கென்னி. அவர் மருத்துவர் அல்லர். முறையான தாதிப் பயிற்சிச் சான்றிதழும் அவரிடம் இல்லை. ஆயினும், ஆஸ்திரேலியாவின் சிற்றூர் ஒன்றில் தாம் கண்டறிந்த முறையைக் கடல் கடந்து சென்று அமெரிக்க மருத்துவர்களுக்கும் இயன்முறை மருத்துவர்களுக்கும் அவர் கற்றுக்கொடுத்தார்.

இளமைக் காலம்

எலிசபெத் கென்னி 1880ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உள்ள வாரியால்டா எனும் ஊரில் பிறந்தார். தந்தை அயர்லாந்திலிருந்து குடியேறிய விவசாயி. குடும்பம் பிழைப்பைத் தேடி ஊர் ஊராக இடம்பெயர்ந்ததால், கென்னியால் சிறிய தொடக்கப்பள்ளிகளில் மட்டுமே படிக்க முடிந்தது. பின்னர், குடும்பத்தினர் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள நாபி எனும் சிற்றூரில் குடியேறினர்.

பதின்ம வயதில் குதிரையிலிருந்து விழுந்து கென்னியின் மணிக்கட்டு முறிந்தது. டுவூம்பா நகரைச் சேர்ந்த ஏனியஸ் மெக்டானல் எனும் அறுவை மருத்துவர் அவருக்குச் சிகிச்சை அளித்தார். அங்கிருந்த மருத்துவ நூல்களும் எலும்புக்கூட்டு மாதிரியும் அந்தப் பெண்ணின் ஆர்வத்தைத் தூண்டின. எந்தத் தசை எங்கே தொடங்குகிறது, எந்த எலும்பில் முடிகிறது, எதனை அசைக்கிறது என்பனவற்றை அவர் ஊன்றிக் கற்றார். பள்ளியில் கிடைக்காத அந்த அறிவு பிற்காலத்தில் அவருக்குப் பெருந்துணையாக அமைந்தது. மெக்டானலும் நெடுங்காலம் அவருக்கு வழிகாட்டியாக விளங்கினார்.

குதிரையில் வந்த தாதி

1910ஆம் ஆண்டு வாக்கில், கென்னி நாபியில் தம் குடும்ப வீட்டிலிருந்தபடியே தாதியாகப் பணியாற்றத் தொடங்கினார். பண்ணைகள் ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் இருந்தன. அழைப்பு வந்தால் குதிரையில் ஏறிப் புறப்படுவார். நோயாளிகளிடம் அவர் கட்டணம் வாங்கியதில்லை.

1911ஆம் ஆண்டில், கைகால்கள் முறுக்கிக்கொண்டு வலியால் துடித்த சிறுமி ஒருத்தியைக் கண்டதாகக் கென்னி தம் தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார். அந்த நோய் என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. மெக்டானலுக்குத் தந்தி அனுப்பினார். அது இளம்பிள்ளை வாதமாக இருக்கலாம் என்றும், அதற்கு மருந்து இல்லாததால் கண்ணில் படும் அறிகுறிகளுக்கு ஏற்பச் சிகிச்சை அளிக்கும்படியும் பதில் வந்தது.

கென்னியின் கண்ணில் பட்டது இறுகிப்போன தசைகள். இறுக்கத்தைத் தளர்த்த வெப்பம் உதவும் என்று அவர் எண்ணினார். கம்பளித் துணியைக் கிழித்து, வெந்நீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, வலிக்கும் இடங்களில் ஒத்தடம் கொடுத்தார். வலி குறைந்தது. பின்னர், கைகால்களை மெல்ல அசைத்து, சிறுமியையே அசைக்கப் பழக்கினார். இவ்வாறு சிகிச்சை பெற்றவர்கள் குணமடைந்தனர். நோயுற்ற கைகால்களைக் கட்டி வைப்பதே மருத்துவ உலகின் வழக்கம் என்பதைக் கென்னி அப்போது அறிந்திருக்கவில்லை.

போர்க்காலப் பணி

முதலாம் உலகப் போர் மூண்டதும், கென்னி இராணுவத் தாதியர் சேவையில் சேர முன்வந்தார். சான்றிதழ் இல்லாத அவருக்கு மெக்டானலின் பரிந்துரைக் கடிதம் கைகொடுத்தது. 1915ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் பணியில் சேர்ந்தார். காயமடைந்த வீரர்களை ஆஸ்திரேலியாவுக்கு ஏற்றிவந்த கப்பல்களில் பணியாற்றினார். 1917ஆம் ஆண்டில் அவருக்கு ‘சிஸ்டர்’ எனும் பதவி உயர்வு கிடைத்தது. இது சமயத் துறவியைக் குறிக்கும் சொல் அன்று. தாதியர் சேவையில் உள்ள ஒரு பதவியின் பெயர். அன்றுமுதல் வாழ்நாள் முழுவதும் அவர் சிஸ்டர் கென்னி என்றே அறியப்பட்டார்.

போருக்குப் பின் அவர் மீண்டும் நாபிக்குத் திரும்பினார். 1920களில் மேரி எனும் சிறுமியைத் தத்தெடுத்து வளர்த்தார். 1927ஆம் ஆண்டில், நோயாளிகளை அதிர்வின்றித் தூக்கிச் செல்ல உதவும் தூக்குப் படுக்கை ஒன்றை வடிவமைத்துக் காப்புரிமை பெற்றார். ‘சில்வியா’ என்று பெயரிடப்பட்ட அந்தத் தூக்குப் படுக்கையின் விற்பனையிலிருந்து வந்த உரிமத்தொகை அவருடைய வாழ்க்கைச் செலவுக்கு உதவியது. நோயாளிகளிடம் கட்டணம் வாங்காமல் பணியாற்றும் உறுதியை அவர் காப்பாற்றிக்கொள்ள அதுவும் ஒரு காரணமாகும்.

கொல்லைப்புறச் சிகிச்சையகம்

1932ஆம் ஆண்டில் டவுன்ஸ்வில் நகரில், ஒரு கட்டடத்தின் கொல்லைப்புறத்தில் கென்னி தம் சிகிச்சையகத்தைத் தொடங்கினார். இளம்பிள்ளை வாதத்தால் நெடுங்காலம் முடங்கிக் கிடந்தவர்களே முதலில் அங்கு வந்தனர். அவர்களின் மரச்சட்டங்களையும் இரும்புத் தாங்கிகளையும் அவர் அகற்றினார். வெந்நீர்க் குளியல், கம்பளி ஒத்தடம், உடலசைவுப் பயிற்சி ஆகியவற்றை அளித்தார். பெற்றோர்களிடையே அவருடைய புகழ் பரவியது. அவர்களின் வேண்டுகோளை ஏற்று, 1934ஆம் ஆண்டில் குவீன்ஸ்லாந்து அரசாங்கம் அவருடைய முறையைப் பின்பற்றும் சிகிச்சையகங்களைத் தொடங்கத் துணைநின்றது.

ஆனால், மருத்துவர்களில் பெரும்பாலோர் அவரை ஏற்கவில்லை. பிரிஸ்பன் நகரில் அவர் தம் முறையைச் செய்து காட்டியபோது பலர் ஏளனம் செய்தனர். கட்டுகளை அகற்றுவது குழந்தைகளுக்குத் தீங்கிழைக்கும் செயல் என்று அவர்கள் நம்பினர். கென்னியும் பணிந்து பேசும் இயல்புடையவர் அல்லர். தம் கருத்தை மறுத்தவர்களை அவர் கடுமையாகச் சாடினார். தம் முறை ஏன் பயனளிக்கிறது என்பதை மருத்துவ மொழியில் தெளிவாக விளக்கவும் அவரால் இயலவில்லை.

1937ஆம் ஆண்டில், நன்றியுணர்வு கொண்ட பெற்றோர்களின் பொருளுதவியோடு அவர் இங்கிலாந்து சென்றார். அங்கு ஒரு மருத்துவமனையில் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. ஆனால், தாயகம் திரும்பியபோது அதிர்ச்சி காத்திருந்தது. குவீன்ஸ்லாந்தின் முன்னணி மருத்துவர்களைக் கொண்ட அரச விசாரணைக் குழு, 1938ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில் அவருடைய முறையை வன்மையாகக் கண்டித்திருந்தது. கென்னிக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. ஆயினும், பிரிஸ்பன் பொது மருத்துவமனையில் அவருக்கு ஒரு நோயாளிப் பிரிவு ஒதுக்கப்பட்டது. அங்குச் சிகிச்சை பெற்றவர்களின் கைகால்கள் விரைவில் நெகிழ்வடைந்ததை அம்மருத்துவமனையின் கண்காணிப்பாளர் நேரில் கண்டார்.

கடல் கடந்த பயணம்

1940ஆம் ஆண்டில், குவீன்ஸ்லாந்து அரசாங்கம் கென்னியின் அமெரிக்கப் பயணச் செலவை ஏற்றது. பிரிஸ்பன் மருத்துவர்கள் அறுவர் அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்தனர். கென்னியும் மேரியும் அமெரிக்காவிற்குப் புறப்பட்டனர்.

அமெரிக்காவில் இளம்பிள்ளை வாதம் அனைவரும் அறிந்த நோயாக இருந்தது. அந்நாட்டு அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டே 1921ஆம் ஆண்டில், தமது முப்பத்தொன்பதாம் வயதில், அந்நோயால் தாக்கப்பட்டவர். அவரது முயற்சியால் 1938ஆம் ஆண்டில் இந்நோயை எதிர்க்கும் தேசிய அறநிறுவனம் ஒன்றும் தொடங்கப்பட்டிருந்தது. அங்குச் சென்றால் தம் முறையைக் கேட்க ஆளிருக்கும் என்று கென்னி எண்ணினார். ஆனால், முதலில் அவர் சந்தித்தவர்கள் அக்கறை காட்டவில்லை. பிறகு, மினசோட்டா மாநிலத்தில் உள்ள மேயோ மருத்துவ நிலையத்திற்குச் சென்றார். அங்கிருந்தவர்கள், நோயாளிகள் மிகுதியாக இருந்த மினியாபொலிஸ் நகருக்கு அவரை அனுப்பி வைத்தனர்.

அந்நகரில் வாலஸ் கோல், மைலண்ட் நாப், ஜான் போல் ஆகிய மூன்று மருத்துவர்கள் அவருடைய சிகிச்சையை நேரில் பார்த்தனர். அவர்களும் தொடக்கத்தில் ஐயத்தோடுதான் வந்தனர். ஆனால், கென்னியின் விளக்கத்தைவிட நோயாளிகளின் கைகால்கள் தெளிவாகப் பேசின. கண்ணால் கண்டதை அவர்கள் மறுக்கவில்லை. நகரின் பொது மருத்துவமனையில் கென்னி பணியாற்ற வழி பிறந்தது. 1941ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கோலும் நாப்பும் தங்களின் முதல் அறிக்கையை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டனர். அவ்வாண்டின் இறுதியில் தேசிய அறநிறுவனத்தின் மருத்துவக் குழுவும் கென்னியின் முறைக்கு ஆதரவு தெரிவித்தது.

கற்பித்த முறை

ஒருவர் ஒரு நாளில் எத்தனை நோயாளிகளுக்குத்தான் சிகிச்சை அளிக்க முடியும்? ஒரு சிகிச்சை முறை ஒருவரின் கைகளில் மட்டுமே இருந்தால், அந்தக் கைகள் ஓயும்போது அதுவும் ஓய்ந்துவிடும். அதனால், கற்பித்தலே கென்னியின் முதன்மைப் பணியாயிற்று. மினியாபொலிசில் மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் இயன்முறை மருத்துவர்களுக்கும் பயிற்சி வகுப்புகள் தொடங்கப்பட்டன. அமெரிக்காவின் பல மாநிலங்களிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் கற்போர் வந்தனர். மேரியும் உடன் நின்று கற்பித்தார்.

முதல் பாடம் ஒத்தடம். கம்பளித் துணியைத் தசையின் வடிவத்திற்கேற்ப வெட்ட வேண்டும். கொதிநீரில் நனைத்த துணியைப் பிழிபொறியில் நன்றாகப் பிழிய வேண்டும். நீர் சொட்டினால் தோல் வெந்துவிடும். நீர் நீங்கினால் வெப்பம் மட்டும் தங்கும். அதன்மேல் நீர்புகாத துணியையும் உலர்ந்த கம்பளியையும் சுற்ற வேண்டும். மூட்டுகளை மூடாமல் விட வேண்டும். அப்போதுதான் நோயாளியால் அசைய முடியும். நோய் கடுமையாக இருந்தால் ஒரு நாளில் பலமுறை இதனைச் செய்ய வேண்டும். இது எளிய வேலையன்று. சூடான கம்பளியைக் கண்டாலே அழுத குழந்தைகளும் இருந்தனர். அங்குச் சிகிச்சை பெற்றவர்கள் பலர், ஈரக் கம்பளியின் வாடையை முதுமையிலும் மறக்கவில்லை.

இரண்டாவது பாடம் தசைகளை மீண்டும் பழக்குதல். இதற்குத்தான் பொறுமை மிகுதியாகத் தேவைப்பட்டது. இயன்முறை மருத்துவர், ஒரு தசை எலும்போடு சேரும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டுவார். குழந்தை தன் மனத்தை அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். முதலில் மருத்துவர் கையையோ காலையோ மெதுவாக அசைப்பார். பின்னர், குழந்தை அதே அசைவைத் தானே செய்ய முயலும். வேறொரு தசை குறுக்கிட்டு அந்த வேலையைச் செய்தால் உடனே நிறுத்த வேண்டும். தவறான பழக்கம் ஒட்டிக்கொண்டால் அதனை மாற்றுவது கடினம். அங்கிருந்த சிறுவர்கள் தங்கள் தசைகளின் பெயர்களையும் வேலைகளையும் கற்றுக்கொண்டனர். தன் உடலை அறிந்துகொள்வதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்று கென்னி கருதினார்.

இந்தப் பாடங்களை நூலை மட்டும் படித்துக் கற்க இயலாது. இறுகிய தசைக்கும் தளர்ந்த தசைக்கும் உள்ள வேறுபாட்டை விரல்கள்தாம் உணர வேண்டும். அதனால், கற்போரை நோயாளியின் படுக்கைக்கே கென்னி அழைத்துச் சென்றார். முதலில் அவர் செய்து காட்டுவார். பின்னர் அவர்கள் செய்வர். அவர் கண்டிப்பான ஆசிரியர். ஒரு சில நாள் பயிற்சியோடு திரும்பிச் சென்று, தம் முறையைக் கற்றுவிட்டதாகக் கூறிக்கொள்வதை அவர் விரும்பவில்லை.

1942ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 17ஆம் நாள், மினியாபொலிசில் சிஸ்டர் கென்னி நிலையம் திறக்கப்பட்டது. 1946ஆம் ஆண்டில் அந்நகரை இளம்பிள்ளை வாதம் கடுமையாகத் தாக்கியபோது, நோயாளிகளைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற பலர் அங்கு ஆயத்தமாக இருந்தனர்.

புகழும் பிணக்கும்

அமெரிக்க மக்கள் கென்னியைப் போற்றினர். பல்கலைக்கழகங்கள் கௌரவப் பட்டங்கள் வழங்கின. 1946ஆம் ஆண்டில் அவருடைய வாழ்க்கை திரைப்படமாக வெளிவந்தது. 1950ஆம் ஆண்டில், எந்த நுழைவு நடைமுறையும் இன்றி அமெரிக்காவுக்குள் வந்துபோகும் அரிய உரிமையை அந்நாட்டு நாடாளுமன்றம் அவருக்கு அளித்தது. மறு ஆண்டில் கேலப் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில், அமெரிக்கர்கள் மிகவும் போற்றும் பெண்மணியாக அவர் முதலிடம் பெற்றார்.

ஆயினும், பிணக்குகள் ஓயவில்லை. கென்னி தம் முறையின் பயனை மிகைப்படுத்துகிறார் என்று 1944ஆம் ஆண்டில் மருத்துவர் குழு ஒன்று குறை கூறியது. அதில் உண்மையும் இருந்தது. நோயின் தாக்குதல் நரம்புகளைவிடத் தசைகளிலேயே முதன்மையானது என்று கென்னி உறுதியாக நம்பினார். அந்தக் கருத்து சரியன்று என்பதை ஆய்வுகள் காட்டின. நரம்பணுக்கள் முற்றாக அழிந்துவிட்டால், எந்த ஒத்தடமும் எந்தப் பயிற்சியும் அந்தத் தசையை உயிர்ப்பிக்க இயலாது. கென்னியிடம் சிகிச்சை பெற்ற எல்லாரும் நடக்கவில்லை. ஆனால், எஞ்சியிருந்த தசைகளை வீணாக்காமல் காத்து, வலியைக் குறைத்து, இயன்ற அளவு இயங்க வைக்க அவருடைய முறை உதவியது.

அவரிடம் கற்றவர்கள் அவருடைய விளக்கத்தில் இருந்த பிழையைக் களைந்தனர். அவர் கற்றுத்தந்த கைத்திறனைத் தக்கவைத்துக் கொண்டனர். கென்னி தம் முறையைத் தம்மிடமே வைத்திருந்தால், பிழையும் திருந்தியிருக்காது, பயனும் பரவியிருக்காது.

இறுதிக் காலம்

உடல் நடுக்கத்தை உண்டாக்கும் பார்க்கின்சன் நோயால் கென்னி தளர்ந்தார். பிறருடைய கைகால்களை இயங்க வைத்தவரின் கைகளே நடுங்கத் தொடங்கின. 1951ஆம் ஆண்டில் அவர் டுவூம்பா நகருக்குத் திரும்பினார். 1952ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், தமது எழுபத்திரண்டாம் வயதில் இறந்தார். குதிரையில் சென்று தாதிப் பணியாற்றிய நாபி எனும் சிற்றூரிலேயே அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது.

அதே 1952ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவில் இளம்பிள்ளை வாதம் உச்சத்தை எட்டியது. ஏறத்தாழ 58,000 பேர் பாதிக்கப்பட்டனர். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1955ஆம் ஆண்டில், ஜோனஸ் சால்க் உருவாக்கிய தடுப்பூசி பயனுள்ளது என்று அறிவிக்கப்பட்டது. அதன்பின் நோய் வேகமாகக் குறைந்தது. கென்னி அதனைக் காணவில்லை.

நோய் குறைந்தபோதும் அவருடைய பெயரில் அமைந்த நிலையத்தில் பணி நிற்கவில்லை. பக்கவாதத்தால் செயலிழந்தவர்களும் முதுகுத்தண்டில் காயமடைந்தவர்களும் அங்கு வந்தனர். செயலிழந்த உறுப்பை இயங்கப் பழக்கும் கலை அவர்களுக்கும் பயன்பட்டது. இயன்முறை மருத்துவம் ஒரு தனித்துறையாக வலுப்பெற்றதில் கென்னியின் பங்கு குறிப்பிடத்தக்கது.

இன்றும் இயன்முறை மருத்துவம் பயிலும் மாணவர்களும் விரிவுரையாளர்களும் விடுமுறைக் காலத்தில் தொண்டூழியர்களாக வேறு நாடுகளுக்குச் செல்கின்றனர். அவர்கள் அங்குச் சில வாரங்களே தங்குகின்றனர். அந்தச் சில வாரங்களில் நோயாளிகளுக்குச் சிகிச்சை மட்டும் அளித்தால், அவர்கள் விமானம் ஏறியதும் அந்த உதவி நின்றுவிடும். அவ்வூர்த் தாதியருக்கும் நோயாளியின் குடும்பத்தாருக்கும் அத்திறனைக் கற்றுக்கொடுத்தால், அவர்கள் சென்ற பின்னும் உதவி தொடரும். எலிசபெத் கென்னியின் வாழ்க்கை காட்டும் வழி இதுவே. தாம் அறிந்ததைத் தயங்காமல் பிறர் கைகளில் ஒப்படைத்தவர் அவர். அதனால்தான் அவருடைய கைகள் ஓய்ந்த பின்னரும் பணி ஓயவில்லை.